சாட்சி சொன்ன வீடு: பதினான்காம் அத்தியாயம்

ஏழு மாதமாக மேராபு ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்துகிறாள் என்பது விடாமல் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் மலையில் அது மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒன்று அவள். இரண்டு, பதினேழு வயது மகள் யூனியா. மூன்று, மருந்துக்காரி நியாமிஷானா. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் கடைக்குட்டி எனோசிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மண் சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை அடைபட்டிருந்தது. தகப்பன் எரினெஸ்தி எங்கள் சபையின் உபதேசியார். மூன்று மலை தாண்டி ஊழியத்துக்குப் போயிருந்தார். மேராபு ஒரு ராத்திரி முழுக்க முழங்காலில் நின்று ஜெபித்தாள். விடிந்தும் பிள்ளையின் கண் சொருகியே கிடந்தது.

இருபது வருடமாக வீட்டு வாசலுக்குள் கள் வாடையே விடாதவள் அன்றைக்கு ஒரு சுரைக்குடுக்கை நிறையச் சோளக் கள்ளைத் தலையில் தூக்கிக்கொண்டாள். பிள்ளையை யூனியாவின் முதுகில் கட்டினாள். நியாமிஷானாவின் குடிசைக்குப் போய், எங்கள் முன்னோர் கும்பிட்டுவந்த நியாபிங்கி ஆவிக்குக் கள்ளை ஊற்றி மண்டியிட்டாள். மருந்துக்காரி பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே பிளேடால் மூன்று கீறல் போட்டுக் கரிமருந்து தேய்த்தாள். மறுநாள் காலை எனோசி எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டான்.

ஊர் திரும்பிய எரினெஸ்தி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். "யாரு ஜெபிச்சது?" என்று கேட்டார். "நாங்கதான்" என்றாள் மேராபு. அது பொய் இல்லை. அதுதான் தொல்லையே.

அன்றிலிருந்து எரினெஸ்தி மலை மலையாகச் சாட்சி சொல்லிவருகிறார். "டோலி தொடல, மருந்து தொடல, ஜெபம் மட்டும்தான் தொட்டுச்சு" என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது கல் நெஞ்சும் கரைந்துவிடும். நாற்பது பேர் அதைக் கேட்டு மனந்திரும்பியிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய மாநாட்டில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அதே சாட்சியைச் சொல்ல அவரை அழைத்திருந்தார்கள். நாங்கள் எல்லாரும் பெருமையில் பூரித்துக் கிடந்தோம்.

இது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையின் கதை.

காலையில் எரினெஸ்தி வாசலில் உட்கார்ந்து மாநாட்டுக்குப் போட்டுப்போகிற ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மேட்டுப் பாதையில் பகாம்பே வேகமாக இறங்கி வந்தான். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குச் சுமந்துபோகிற எங்கள் டோலிச் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். யார் வீட்டில் நோயாளி இருந்தாலும், ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தோள் வந்தாக வேண்டும்; இரட்சிக்கப்பட்டவன், குடிகாரன் என்ற பேதமெல்லாம் சங்கத்தில் கிடையாது. பகாம்பே குடிக்கிற கட்சி. எங்களைக் கிண்டல் செய்வதற்கென்றே பிறந்தவன்.

அன்றைக்கு அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"தோத்திரம் உபதேசியாரே. உங்க ஆளு ஒருத்தி எங்கள டோலியும் கையுமா வாசல்ல நிறுத்தி வச்சிருக்கா."

"யாரு?"

"டொரொக்காசி. புருஷன் புகாண்டாவுக்குக் கரும்பு வெட்டப் போயிருக்கானே, அவதான். மக ஜெனினாவுக்கு மூணு நாளா காய்ச்சல். அஞ்சு வயசுப் பிள்ள, கண்ணத் தொறக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கு அஞ்சு மணி நேரம் நடக்கணும். தொடக் கூடாதுங்கறா."

"ஏனாம்?"

"என்னையக் கேட்டா? டோலி தொடல, மருந்து தொடலன்னு நீங்கதான சொன்னீங்க? உபதேசியாரு பிள்ளைக்கு ஒரு சாமி, என் பிள்ளைக்கு வேற சாமியான்னு கேக்கறா. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. விட்டுடுவா."

எரினெஸ்தியின் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது.

"அந்தச் சகோதரியோட விசுவாசத்த உடைக்க நான் யாரு, பகாம்பே? மத்தியானம் கூட்டத்துக்குத் தூக்கிட்டு வரச் சொல்லு. எல்லாரும் சேந்து ஜெபிப்போம்."

"மத்தியானம் வரைக்கும் காய்ச்சல் உங்களுக்காக உக்காந்திருக்குமா?"

ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஷூவை எரினெஸ்தி மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

"நல்லா தேயுங்க. மாநாட்டுல முகம் தெரியணும்ல" என்று சொல்லிவிட்டுப் பகாம்பே திரும்பி நடந்தான்.

சமையலறையில் மேராபு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பேசியது ஒரு வார்த்தை விடாமல் உள்ளே கேட்டது. எதிரே யூனியா அடுப்பை ஊதாமல் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள் யூனியா.

"கேட்டுச்சு."

"அம்மா, நான் ஏழு மாசமா கூட்டத்துல எந்திரிக்கல. மத்த பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு பாவத்தச் சொல்லி, அழுது, முகம் தெளிஞ்சு உக்காருதுங்க. எனக்கும் அது வேணும்மா. எந்திரிச்சா என்ன சொல்றது? என் பாவத்தச் சொன்னா உன் பேரு வரும். உன் பேரு வந்தா அப்பாவோட சாட்சி போயிடும். அதனால நான் பாட மட்டும் செய்யறேன். அதுவும் வாய மட்டும் அசைக்கிறேன்."

"மெதுவா பேசு."

"இத்தன நாள் மெதுவாத்தான பேசினோம்? இப்ப ஒரு பிள்ள கண்ணத் தொறக்காம கெடக்குது."

மேராபு கத்தியைக் கீழே வைத்தாள். பின்னால் அவளே என்னிடம் சொன்னாள்: அந்த ஏழு மாதத்தில் அவளுக்கு நரகத்தைப் பற்றிப் பயமே வரவில்லையாம். ஆண்டவர் பேசாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லையாம். முன்பெல்லாம் களை எடுக்கும்போதுகூட அவரோடு பேசிக்கொண்டே எடுப்பாள். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு பேசினால் சுவரோடு பேசுவது மாதிரி இருந்தது. பிள்ளை பிழைத்ததற்கு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தால், யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எழுந்துவிடுவாளாம்.

"அப்பா தாங்க மாட்டாரு, யூனியா. அவருக்கு அந்தச் சாட்சியத் தவிர வேற ஒண்ணும் இல்ல."

"டொரொக்காசி அக்காவுக்கும் அந்தப் பிள்ளையத் தவிர வேற ஒண்ணும் இல்ல."

மேராபு எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. கொல்லைப்புறமாக இறங்கி, பகாம்பேயை எட்டிப் பிடிக்க ஓடினாள்.

டொரொக்காசியின் வீட்டு முன்னால் எட்டு ஆண்கள் மூங்கில் டோலியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். உள்ளே தரையில் பாய் போட்டு ஜெனினாவைக் கிடத்தியிருந்தாள். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் வந்துகொண்டிருந்தது. டொரொக்காசி பக்கத்தில் முழங்காலில் நின்றாள். மூன்று நாளாக அவளும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மேராபுவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் மேராபுவால் முடியவில்லை.

"வாங்கக்கா! நீங்க வருவீங்கன்னு தெரியும். உக்காருங்க. எனோசிக்கு ஜெபிச்ச மாதிரியே இவளுக்கும் ஜெபிங்க. அந்த ராத்திரி என்ன வார்த்த சொல்லி ஜெபிச்சீங்க? அதையே சொல்லுங்க, நானும் சொல்றேன்."

"டொரொக்காசி, பிள்ளைய டோலில போடு."

"அக்கா?"

"அன்னிக்கு நான் ஜெபிச்சேன். விடிஞ்சும் அவன் கண்ணு தொறக்கல. அப்புறம் நியாமிஷானாகிட்ட தூக்கிட்டுப் போனேன். கள்ளு ஊத்தினேன். கும்பிட்டேன். மருந்து வச்சாங்க. அவரு சொல்ற சாட்சி உண்மை இல்ல. அவருக்குத் தெரியாது. நான் சொல்லல."

டொரொக்காசி எழுந்து, பிள்ளைக்கும் மேராபுவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இது நீங்க பேசல" என்றாள். "மூணு நாளா இதத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். பிசாசு எப்படியும் ஒரு ரூபத்துல வருவான்னு தெரியும். உங்க ரூபத்துல வருவான்னு நெனைக்கல."

"டொரொக்காசி, என் கண்ணப் பாத்துச் சொல்லு. நான் பொய் சொல்றேனா?"

"பொய்யில்லன்னா இங்க இருட்டுல வந்து என் காதுல ஏன் சொல்றீங்க? வெளிச்சத்துல சொல்லுங்க. கூட்டத்துல எந்திரிச்சு, சகோதரருங்க முன்னால, உங்க புருஷன் முன்னால சொல்லுங்க. அவரு ஆமான்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே இவளத் தூக்கித் தரேன்."

எங்களுக்கு அதுதான் சட்டம். மறைவில் சொன்னது எதுவும் எங்களுக்குக் கணக்கில்லை. கூட்டத்தின் நடுவில், எல்லார் முகத்துக்கு முன்னால் சொன்னதுதான் உண்மை. இருபது வருடமாக மேராபுவே புதிதாக வந்தவர்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். டொரொக்காசிக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

பகாம்பே கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். "அப்ப கூட்டத்துக்கே போவோம்" என்றான். "டேய், மூங்கிலத் தூக்குங்கடா. கோயில் வாசல்ல நிப்போம். அவரு வாயிலேருந்து வார்த்த வந்ததும் அங்கேருந்தே கெளம்பிடலாம்."

கூட்டம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. ஐம்பது, அறுபது பேர் இருந்திருப்போம். டொரொக்காசி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். யூனியா எனோசியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எரினெஸ்தி முன்னால் நின்று, வேதம் வாசித்து, ஆவியானவர் யாரைத் தொடுகிறாரோ அவர்கள் எழும்பலாம் என்று சொன்னார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

மேராபு எழுந்தாள்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. கள்ளைச் சொன்னாள், குடிசையைச் சொன்னாள், மண்டியிட்டதைச் சொன்னாள். யூனியா பேரைச் சொல்லி, "அவ சின்னப் பொண்ணு, நான் சொன்னதச் செஞ்சா" என்றாள். கடைசியில் குரல் உடைந்தது.

"என் பிள்ளைய யாரு பிழைக்க வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆண்டவரா, மருந்தா, காய்ச்சல் தானா விட்டுதா, தெரியாது. நான் எங்க போனேன்னு மட்டும் தெரியும். என் வீட்டுக்காரரு சொல்ற மாதிரி நடக்கல. அத நம்பி யாரும்..."

அந்த இடத்தில் பாட்டு எழும்பிவிட்டது.

எங்கள் வழக்கம் அது. யாராவது பாவத்தை அறிக்கை செய்தால், கடைசி வார்த்தை காய்வதற்குள் துதிப் பாட்டை எடுத்துவிடுவோம். பாவி திரும்பி வந்த சந்தோஷத்தில் ஒவ்வொருவராகப் போய்க் கட்டிப்பிடிப்போம். பாட்டு முடிய அரைமணி நேரம்கூட ஆகும். அன்றைக்கு அவள் பேசி முடித்துவிட்டாள் என்று நினைத்து முதல் அடியை எடுத்தவன் நான்தான். கை தட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். பெண்கள் மேராபுவை மாறி மாறிக் கட்டிக்கொண்டார்கள். அவள் ஏதோ கத்துகிறாள் என்று தெரிந்தது. ஆனந்தத்தில் கத்துகிறாள் என்று நினைத்தோம்.

"பாட்ட நிறுத்துங்கய்யா!" என்று வாசலிலிருந்து பகாம்பே அலறினான். "உங்க காலுல விழறேன், நிறுத்தித் தொலைங்க! பிள்ள செத்துக்கிட்டு இருக்குது!"

யூனியா எழுந்து என் வாயைக் கையால் பொத்தினாள். ஒரு குமரிப் பெண் என் வாயைப் பொத்துவதாவது! அதிர்ச்சியில் நிறுத்தினேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

அந்த அமைதியில் டொரொக்காசியின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"சகோதரரே. அக்கா சொல்றது உண்மையா?"

"எனோசி, இங்க வா" என்றார் எரினெஸ்தி.

பிள்ளை அக்காவின் கையிலிருந்து இறங்கி அப்பாவிடம் ஓடினான். அவர் அவன் முன்னால் குனிந்து சட்டையைத் தூக்கினார். இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்தார். மூன்று கோடுகள், கறுத்துத் தடித்து இருந்தன. சுவரோரத்திலிருந்து வந்து டொரொக்காசி குனிந்து பார்த்தாள்.

மேராபு எந்த இடத்தில் கீறினார்கள் என்று கூட்டத்தில் சொல்லவே இல்லை. அவர் தேடவும் இல்லை. விரல் நேராக அங்கேதான் போயிற்று. பெண்கள் நடுவில் நின்ற மேராபு அதைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"தூக்கிக் குடு, தங்கச்சி" என்றார் எரினெஸ்தி. "ஓடுங்க."

டொரொக்காசி முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பகாம்பே பல்லால் இழுத்து அவிழ்த்தான். டோலி எழும்பியது. எட்டு பேர் சரிவில் ஓட ஆரம்பித்தார்கள். டொரொக்காசி கூடவே ஓடினாள். யூனியா ஒரு குடுக்கை தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். சபையில் ஒரு மனிதன் தன் பாவத்தைக் காட்டிவிட்டான். வழக்கப்படி நாங்கள் பாடியிருக்க வேண்டும். யாரும் பாட்டை எடுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம். நான் பெஞ்சுகளை அடுக்கிவைக்கிற சாக்கில் பின்தங்கினேன். அதனால்தான் அடுத்து நடந்ததைக் கேட்க நேர்ந்தது.

எரினெஸ்தி கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். எனோசி மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மேராபு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வந்த அன்னிக்கே. குளிப்பாட்டினேன்ல."

"அன்னிக்கேவா?"

"காயம் பச்சையா இருந்துச்சு."

"தெரிஞ்சும் என்னைய ஒரு வார்த்த கேக்கலியே. ஏழு மாசம், ஏங்க! நான் உங்களக் காப்பாத்துறதா நெனைச்சு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன்."

"கேட்டிருந்தா நீ ஆமான்னு சொல்லியிருப்ப. அப்புறம் நான் எப்படிச் சாட்சி சொல்றது?" அவர் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "மொதல் தடவ சொல்லும்போது நாக்கு கூசிச்சு. ஆனா ஜனங்க அழுதாங்க, மேராபு. பொண்டாட்டிய அடிக்கிறவன் எந்திரிச்சு அவ காலுல விழுந்தான். நல்லதுதான நடக்குதுன்னு நெனைச்சேன். அடுத்த மலையில இன்னும் கொஞ்சம் சேத்தேன். டோலி தொடல, மருந்து தொடலன்னு நானேதான் சேத்தேன். அதக் கேட்டாதான் ரொம்ப அழுதாங்க."

"காலையில பகாம்பே வந்து நின்னானே. அப்பவாவது..."

"எந்திரிக்கணும்னு நெனைச்சேன். காலு வரல."

மேராபு அழவில்லை. இந்த மனிதரின் சாட்சியைக் காப்பதற்காகத்தான் ஆண்டவரை இழந்தோம் என்று அவளுக்கு அப்போது தோன்றியதாம். அவர் தலையில் மண்ணை வாரிப் போடலாமா என்றுகூடத் தோன்றியதாம். போடவில்லை. படியில் உட்கார்ந்து, எனோசியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உங்களுக்காக ஜெபிக்க மாட்டேன்" என்றாள். "இன்னிக்கு முடியாது. இன்னிக்கு அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான்."

கண்ணை மூடி ஜெபித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது என்று சொன்னாள். ஆண்டவர் கேட்டார் என்றோ, பேசினார் என்றோ அவள் சொல்லவில்லை. வார்த்தை வந்தது என்று மட்டும்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழே ஓடைத் திருப்பத்தில் டோலி தெரிந்தது. மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை. எட்டு பேரும் அடி வைத்து அடி வைத்து நடந்துவந்தார்கள். யூனியாவின் மேல்துணி டோலிமேல் போர்த்தியிருந்தது.

முன்னால் டொரொக்காசி நடந்தாள். தன் வீட்டுக்குப் பிரிகிற பாதையில் அவள் திரும்பவில்லை. நேராகக் கோயிலைப் பார்த்து ஏறினாள்.

எரினெஸ்தி எழுந்து நின்றார். இந்தத் தடவை கால் வந்தது. படியிறங்கி அவள் எதிரே போய்த் தலைகுனிந்து நின்றார். டோலியைக் கண்டு ஊரும் திரும்பி வந்து கூடிவிட்டது; அவள் அடிப்பாள் என்று நினைத்தோம். அடித்திருந்தால் எங்கள் எல்லாருக்குமே ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்ணே" என்றாள் டொரொக்காசி. "ஞாயித்துக்கிழமை மாநாட்டுக்குக் கண்டிப்பா போங்க."

"தங்கச்சி..."

"போயி, சாட்சி சொல்லுங்க. எங்கள அழ வச்ச மாதிரியே நல்லா நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. ஆனா என் மகளையும் சேத்துச் சொல்லுங்க. பேரு ஜெனினா. நானும் வரேன். முன்னால வந்து உக்காந்து கேக்கறேன்."